பின்கழுத்தில் காற்று

தாளவாடியிலிருந்து என்னை வரவழைத்தார்கள்,
ஒரே ஒரு மானுக்காக.
கடலூரில் இறங்கி
மலை எங்கே என்று கேட்டேன்.
ஆட்டோக்காரர் கை காட்டினார்.
தென்னைகளுக்குச் சற்று மேலே
சிவப்பாய் ஒரு மேடு.
கேப்பர் மலை, என்றார்.
நான் சிரிக்கவில்லை. அவரும்தான்.

புள்ளிமான். ஆண்.
இடக்கொம்பில் இறால் வலை சிக்கி
ஒரு கண்ணை மறைத்துத் தொங்குகிறது.
கடற்கரைக்கு ஏன் போனது,
யாருக்கும் தெரியாது.
சுட வேண்டாம், மயக்கிப் பிடி என்பது உத்தரவு.
ஊசி போகும் தூரம் முப்பது எட்டு.
பயத்திலேயே செத்துவிடும் பிராணி அது,
இது உத்தரவில் இல்லை.

எங்கள் காட்டில் மரத்தில் உட்காருவேன்.
என் வாசம் என்னோடு மேலேயே இருக்கும்.
இங்கே முந்திரி.
குனிந்து எதையோ தேடுகிற மரம்.
ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் உரசும்.
ஆக, தரைதான்.
சருகு அப்பளமாய் நொறுங்கியது.
பூட்ஸைக் கழற்றினேன்.

முதல் நாள் காலை
மேற்கிலிருந்து காற்று, முகத்தில்.
சரியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.
நாற்பது எட்டில் காது ஒன்று அசைந்தது,
பிறகு கொம்பு, பிறகு வலை.
இன்னும் பத்து எட்டு வரட்டும் என்று
மூச்சை எண்ணிக்கொண்டிருந்தபோது
பின்கழுத்து குளிர்ந்தது.
ஒரு மணிக்குக் கடல் திரும்பிவிட்டது,
என் வியர்வையைத் தூக்கிக்கொண்டுபோய்
அதன் மூக்கில் வைத்தது.
முன்காலால் ஒரு தட்டு.
வால் நிமிர்ந்து, அடி வெள்ளை தெரிந்து,
அவ்வளவுதான்.

"மத்தியானம் கடக்காத்து வரும்னு
உங்களுக்கு யாரும் சொல்லலியா?"
அஞ்சலாட்சி கேட்டாள். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவள்.
நான் கேட்டிருந்தால்தானே.

இரண்டாம் நாள்
புழுக்கையைப் பார்த்துத் தடம் பிடித்தேன்,
ஒரு மணி நேரம், தவழ்ந்து.
முடிவில் ஓர் ஆடு
என்னைப் பார்த்து மென்றுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள்
யாரும் சொல்லாமல் ஒன்று செய்தேன்.
கொட்டை திருகி எறிந்த பழங்கள்
குவியலாய்ப் புளித்துக் கிடந்தன.
இரண்டு கை அள்ளிச்
சட்டையில், கழுத்தில், தலையில் பிசைந்தேன்.
தொண்டை கரகரத்தது. ஈ மொய்த்தது.
குவியலுக்கு மேற்கே, கடலைப் பார்த்துப் படுத்தேன்.

அந்தி.
பழத்துக்கு வந்தது.
வலைக் கண்ணி வழியே ஒரு கண்,
வெறுமையாய் மறு கண்.
கன்னம் அசைய அசைய
கொம்பின் ஈயக்குண்டு சொத் சொத்தென்று அடித்தது.
இருபத்தாறு எட்டு.
சிறைச்சாலை மணி ஆறடிக்கத் தொடங்கியது,
அது தலையைத் தூக்கி
மணியையே கேட்டது.
நான்காவது அடியில் விசையை இழுத்தேன்.

தொடையில் சிவப்புக் குஞ்சம் ஆட ஓடியது.
மயங்கும் மான் பள்ளம் தேடும்
என்று வடக்கே இறங்கினேன்.
"அங்க இல்ல! மோட்டார் கொட்டாய்ல இருக்கும்,
தெனம் தண்ணி குடிக்கிற எடம்."
எட்டு நிமிடத்தில் மூன்றைத் தொலைத்திருந்தேன்.

வாய்க்காலில் முகம் கவிழ்ந்து கிடந்தது.
எங்களுக்கு முன்பே சேறு அதன் மூக்கைத் தொட்டிருந்தது.
தலையை மடியில் ஏற்றினேன்.
அவள் மல்லாட்டைக் கத்தியால் வலையை அறுத்தாள்,
திட்டிக்கொண்டே,
மூன்று பாத்தி தின்ன திருட்டு நாயே என்று,
கண்ணோரம் மட்டும் மெதுவாக.
விலா ஏறி, நின்றது.
ஏறியது.
மருத்துவர் வரும்வரை எண்ணினேன்,
நூற்றுப் பதினாறு.

லாரி எந்தக் காட்டுக்குப் போனது என்று
எனக்குச் சொல்லவில்லை.
அதற்கும் அது புதிய இடமாகத்தான் இருக்கும்,
காற்று எப்போது திரும்பும் என்று
தானே தெரிந்துகொள்ளட்டும்.

முந்திரிக் கறை போகாது என்றாள்.
ஊர் வந்து நாலு முறை துவைத்துவிட்டேன்.
நாய்கள் இன்னும்
என்னை யாரோ என்று குரைக்கின்றன.